ஆறு மேசை பர்மா சாப்பாட்டுக் கடை: மொய்ங்கா மாலைக்குள் கூழாகிறது, கவ்சுவே திரிகிறது. எங்கே பிடிப்பது?

கடைவாசல்:
வணக்கம். வட சென்னையில் குடியிருப்புத் தெருவுக்குள் ஆறு மேசை, மூன்று அடுப்பு, ஒரு ஃப்ரிட்ஜ், சமையலுக்கு இருவர். வண்டிக்கடை அத்தோ (கையால் பிசைந்து தரும் நூடுல்ஸ்) மட்டும் போடுவது நோக்கமல்ல. பர்மா வீடுகளில் இருப்பது போல மதியம் சோறு, ஒரு கறி, புளிச்சாறு, கீரை. மாலையில் மொய்ங்கா (கெட்டியான மீன் சாறு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்), தேங்காய்ப்பால் கவ்சுவே (தேங்காய்ப்பால் கோழிச் சாறில் கோதுமை நூடுல்ஸ்), கூடவே அத்தோ.

சிக்கல்கள்: 12 லிட்டர் மொய்ங்கா நாலு மணிக்கு நன்றாக இருக்கிறது, ஏழரைக்குக் கூழ். வெந்நீர் ஊற்றினால் சப்பென்று ஆகிறது. அடிப்பிடிக்கிறது. சில நாள் சேற்று வாடை. கவ்சுவே இரண்டாம் முறை சூடு செய்தால் திரிகிறது. பேஜோ (மொய்ங்காவுக்கு மேலே போடும் கடலைப்பருப்புப் பொரிப்பு) ஒரு மணி நேரத்தில் நமுத்துவிடுகிறது. நாலு கிண்ணத்துக்கான குறிப்பு எல்லாரிடமும் இருக்கிறது. நாற்பது கிண்ணத்தை மூன்று மணி நேரம் ஒரே பதத்தில் நிறுத்துவது எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பானைக்காரர்:
கூழாவதற்குக் காரணம் கடலை மாவும் அரிசி மாவும் பானைக்குள் வேலையை நிறுத்தாததுதான். நாலு மணிக்கு நீங்கள் பார்ப்பது பாதி ஊதிய மாவு. கொதி நிலையிலேயே வைத்திருந்தால் ஊதிக்கொண்டே போகும், மேலே நீரும் ஆவியாகும். நீர் குறையும்போது உப்பும் ஏறும், ஆவியோடு மணமும் போகும். அதனால்தான் வெந்நீர் ஊற்றினால் பதம் திரும்பி வந்தாலும் மணம் திரும்புவதில்லை.

முழுப் பானையையும் ஒரே நேரத்தில் கெட்டியாக்காதீர்கள். சாறு வேறு, கெட்டிப்பு வேறு. 12 லிட்டர், கிண்ணத்துக்கு 300 மில்லி, 40 கிண்ணம் என்ற கணக்கில் அளவு தருகிறேன்.

மீன் முழு எடை 3 கிலோ. தலை, முள், தோல் போனால் சதை பாதிக்கும் குறைவாகத்தான் தேறும். எலுமிச்சைப்புல் 12 தண்டு, அடிப்பகுதியை நசுக்கிக் கட்டிப் போடுங்கள். வேகவைக்கும் நீரில் மஞ்சள்தூள் 2 டீஸ்பூன், நசுக்கிய இஞ்சி 100 கிராம். மீன் வெந்ததும் எடுத்துச் சதையை உதிர்த்து, முள்ளையும் தலையையும் திரும்ப அதே நீரில் போட்டு இன்னும் 40 நிமிடம். பிறகு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சல்லடை போதாது, கெளுத்தி முள் ஒன்று தப்பினாலும் வம்பு.

தாளிப்புக்குக் கடலை எண்ணெய் 500 மில்லி. வெங்காயம் 1 கிலோ, பூண்டு 250 கிராம், இஞ்சி 100 கிராம், மிளகாய்த்தூள் 30 கிராம். பச்சை வாடை போய் எண்ணெய் பிரிந்ததும் உதிர்த்த சதையைப் போட்டு ஈரம் வற்றும்வரை வதக்குங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் மாலை முழுக்க மீன் வாடைதான். நாப்பி (பர்மாவின் புளித்த மீன், இறால் விழுது) 60 கிராம் இங்கேயே சேர்ந்து வறுபட வேண்டும். மீன்சாஸ் 150 மில்லி வடிகட்டிய சாறில். கல் உப்பு 40 கிராமில் தொடங்கி ருசி பார்த்து ஏற்றுங்கள், ஏனென்றால் நாப்பியும் மீன்சாஸும் பிராண்டுக்கு பிராண்டு உப்பில் மாறும்.

வாழைத்தண்டு 1 கிலோ, அரை சென்டிமீட்டர் வட்டம். உரித்த சின்ன வெங்காயம் 1 கிலோ முழுசாக. இரண்டும் கடைசி 30, 40 நிமிடம் கொதித்தால் போதும். தண்டு கடிபட வேண்டும்.

கெட்டிப்புக்கு வறுத்த கடலை மாவு 400 கிராம், வறுத்து அரைத்த அரிசி 200 கிராம். மொத்தத்தில் லிட்டருக்கு 50 கிராம். இதைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். வியாபார நேரத்தில் 4 லிட்டர் சிறுபானையில் மெல்லிய சாறை எடுத்து, அந்த 4 லிட்டருக்கு உரிய 200 கிராம் மாவைக் கரைத்த கரைசலை மட்டும் ஊற்றி 15 நிமிடம் கொதிக்கவிட்டுப் பரிமாறுங்கள். சிறுபானையில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே அடுத்த சிறுபானையை ஏற்றிவிட வேண்டும்.

ஐராவதி_வடிநிலம்:
பானைக்காரர் அண்ணாவோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. 15 நிமிடத்தில் கடலை மாவின் பச்சை மணம் போகாது. மொய்ங்காவுக்கு உடம்பு கொடுப்பதே மாவும் மீனும் சேர்ந்து நெடுநேரம் கொதிப்பது. பர்மாவில் விடியற்காலையில் விற்பதற்கு நள்ளிரவிலேயே பானை ஏறுவது சும்மா இல்லை.

பானைக்காரர்:
நியாயம். இருவருக்கும் ஒத்துவரும் வழி: மாவில் பாதியை, அதாவது 300 கிராமை, மதியமே பெரிய பானையில் சேர்த்து ஒன்றரை மணி நேரம் சிறு தீயில் விடுங்கள். மீதி 300 கிராமை மூன்றாகப் பிரித்து, சிறுபானை ஒவ்வொன்றுக்கும் 100 கிராம். உடம்பு பெரிய பானையிலிருந்து வரும், பதம் சிறுபானையில் வரும். ஆனால் கடலை மாவை முன்பே வறுத்திருக்க வேண்டும். இரும்புச் சட்டியில் சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம், நிறம் ஒரு படி ஏறி மணம் வரும்வரை. கருகினால் முழுப் பானையும் கசக்கும், மீட்க வழியே இல்லை.

அடிப்பிடிப்பதற்கு: கனமான அடி இல்லாத பானை என்றால் அடுப்புக்கும் பானைக்கும் நடுவே பழைய இரும்புத் தோசைக்கல்லை வையுங்கள். பானையின் உட்புற உயரத்துக்கு ஒரு மூங்கில் குச்சியை வெட்டி, 12 லிட்டர் மட்டம், 8 லிட்டர் மட்டம் எனக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எத்தனை கிண்ணம் போயிருக்கிறது, குச்சி எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்தால் ஆவியானது எவ்வளவு என்று தெரியும். அந்த அளவுக்கு மட்டும் வெந்நீர்.

கடைவாசல்:
இது புரிகிறது. வாழைத்தண்டை நறுக்கி மோரில் போட்டு வைக்கிறோம், கறுக்காமல் இருக்க. சரிதானே?

ஐராவதி_வடிநிலம்:
பொரியலுக்குச் சரி, இதற்கு வேண்டாம். எத்தனை கழுவினாலும் தயிர்ப் புளிப்பு தண்டின் துளைகளில் தங்கும், நாப்பியோடு சேர்ந்தால் கெட்டுப்போன மாதிரி மணக்கும். உப்பு, மஞ்சள், ஒரு துளி புளி கரைத்த நீர் போதும். நாரை மட்டும் நம் ஊர் வழக்கப்படி ஒவ்வொரு வட்டத்துக்கும் விரலில் சுற்றி எடுத்துவிடுங்கள். சாப்பிடுகிறவர் பல்லில் நார் சிக்கினால் மறுநாள் வரமாட்டார்.

மீன்கூடை:
சேற்று வாடை பற்றி. குளத்து மீனில் அந்த மணம் தோலிலும் தோலடிக் கொழுப்பிலும்தான் அதிகம் தங்குகிறது. புளிப்பு பட்டால் அது குறையும். மீனைக் கல் உப்பும் அரிசி மாவும் போட்டுத் தேய்த்து வழவழப்பை எடுத்து, செவுளையும் முதுகெலும்பை ஒட்டிய ரத்தக் கோட்டையும் சுரண்டிவிட்டு, புளிக்கரைசலில் 15 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். வெந்த பிறகு தோலைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. மலிவாகப் பெரிய கெளுத்தி கொண்டுவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் உஷார். ஆப்பிரிக்கக் கெளுத்தியை இந்தியாவில் வளர்க்கத் தடை இருக்கிறது. நாட்டுக் கெளுத்தி கிடைத்தால் அதுதான் முதல். கிடைக்காத நாளில் விரால். அதுவும் விலை ஏறினால் கட்லா, ரோகு, ஆனால் முள் எடுக்க ஒரு ஆள் கூடுதலாக உட்கார வேண்டும். கடல் மீனில் கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய் மீன்கள் வேண்டாம், சாறு கறுத்துக் கவுச்சி அடிக்கும். பேர் ஒத்திருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்!

பீச்_ஸ்டேஷன்:
எல்லாம் சரி பாஸ், ஆனா மொய்ங்காவுக்கு எந்த நூடுல்ஸ் போடுறீங்க? அதச் சொல்லவே இல்லையே. வண்டில போடுற மஞ்ச கோதுமை நூடுல்ஸ மொய்ங்காவுல போட்டா அது மொய்ங்காவே இல்ல.

கடைவாசல்:
இடியாப்பம். பக்கத்திலேயே ஒரு அக்கா பிழிந்து தருகிறார், தினமும் புதிதாக.

பானைக்காரர்:
அங்கேதான் பாதிக் கூழ் வருகிறது. இடியாப்பம் பச்சை மாவைப் பிசைந்து பிழிந்து ஒரே ஒரு முறை ஆவியில் வேகிறது. இழைக்குள் பிடிப்பு இல்லை. சூடான சாறு பட்ட இரண்டு நிமிடத்தில் கரைய ஆரம்பிக்கும்.

பர்மாவில் மொய்ங்காவுக்குப் போடும் இழையில் அரிசியை நாட்கணக்கில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு அரைத்து, நீரை வடித்து, அரைவேக்காடாக வேகவைத்துப் பிசைந்து, அதன் பிறகு கொதிநீரில் பிழிகிறார்கள். இரண்டு முறை வேகிறது. நம் ஊரில் அதற்கு நெருங்கிய உறவு கொங்கு நாட்டுச் சந்தகை. ஊறிய புழுங்கல் அரிசியை அரைத்து இட்லியாக வேகவைத்து, சூட்டோடு அச்சில் பிழிவது. சாறில் பத்து நிமிடம் தாங்கும். அந்த அக்காவுக்குச் சந்தகை அச்சு இருந்தால் அதையே கேளுங்கள்.

இல்லையென்றால் காய்ந்த மெல்லிய அரிசி சேமியா, தாய்லாந்து அல்லது வியட்நாம் சரக்கு. கிண்ணத்துக்குக் காய்ந்த எடையில் 60 கிராம். ஊறி வெந்தால் இரண்டரை மடங்கு வரும். அறை வெப்பநிலை நீரில் 30 நிமிடம் ஊறவைத்து, கொதிநீரில் ஒன்று முதல் இரண்டு நிமிடம், உடனே குளிர்ந்த நீரில் அலசி, பிடி பிடியாகச் சுற்றி வாழை இலை மேல் வைத்து ஈரத்துணி போர்த்துங்கள். சாறு ஊற்றும் முன் ஒவ்வொரு பிடியையும் வடிகரண்டியில் வைத்துக் கொதிநீரில் ஐந்து எண்ணும் நேரம் முக்கி எடுக்க வேண்டும். குளிர்ந்த சேமியா மேல் சாறை ஊற்றினால் கிண்ணம் ஆறிவிடும், சாறும் மேலே கட்டிதட்டும்.

மூன்றடுப்பு:
கவ்சுவே திரிவதற்கு வருகிறேன். தேங்காய்ப்பால் திரிய மூன்று காரணம் உண்டு: கெட்டிப்பாலைக் கொதிக்க வைத்தது, புளிப்பு உள்ளே போனது, மாவு பிறகு சேர்ந்தது. மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. கடலை மாவு பாலுக்கு முன்பே சாறில் கரைந்து வெந்திருந்தால், அந்த மாவுதான் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் கட்டி வைத்திருக்கும்.

20 கிண்ண அளவு: எலும்போடு கோழி 2 கிலோ, வேகவைத்து எடுத்த சாறு 4 லிட்டர், வெங்காயம் 600 கிராம், பூண்டு 80, இஞ்சி 50, மிளகாய்த்தூள் 20 கிராம், கடலை மாவு 200 கிராம், மூன்று தேங்காய். வதக்கிய வெங்காயத்தில் கோழிச் சதையைச் சேர்த்து, கோழிச் சாறையும் இரண்டாம் பாலையும் ஊற்றி, மாவுக் கரைசலை ஊற்றி 25 நிமிடம் கொதிக்க விடுங்கள். முதல் பால் கடைசியில், ஓரத்தில் குமிழி தெரிந்ததும் தீயை அணையுங்கள். எலுமிச்சை மேசையில் துண்டாக மட்டும். சமையலறையில் எலுமிச்சை இந்தப் பானைப் பக்கமே வரக்கூடாது.

இரண்டாம் சூட்டுக்கு நேரடித் தீ வேண்டாம். அகலப் பாத்திரத்தில் வெந்நீர் வைத்து அதற்குள் பானையை இறக்குங்கள். முதல் பாலை மொத்தமாக ஊற்றாமல் எட்டு எட்டுக் கிண்ணத்துக்கு என்று பிரித்து ஊற்றினால் திரியும் கேள்வியே எழாது. பானைக்காரர் சொன்ன அதே கணக்கு, பொருள்தான் வேறு.

நூடுல்ஸ் முட்டை சேர்ந்த கோதுமை வகை, கிண்ணத்துக்கு வெந்த எடையில் 150 கிராம். மேலே போட அதே நூடுல்ஸில் ஒரு கைப்பிடியைப் பொரித்து நொறுக்கி வையுங்கள்.

பீச்_ஸ்டேஷன்:
பேஜோ நமுத்துப்போறதுக்கு நான் சொல்றேன். மாவுல தண்ணி ஜாஸ்தி, எண்ணெய் சூடு கம்மி, பொரிச்சதும் மூடி வைக்கிறது. மூணும் சேர்ந்து நடந்திருக்கும்.

பச்சரிசி மாவு 3 பங்கு, உளுந்து இல்ல, கடலை மாவு 1 பங்கு. கொஞ்சம் ஒட்டுற அரிசி மாவு கிடைச்சா அரைப் பங்கு போடுங்க, மொறுமொறுப்பு நிக்கும். தண்ணிக்கு பதிலா சுண்ணாம்புத் தெளிநீர் சிலர் ஊத்துவாங்க. வெத்தல சுண்ணாம்ப கரைச்சு தெளிஞ்ச மேல்தண்ணி மட்டும், அடில இருக்குற வண்டல் கூடவே கூடாது. கடலப்பருப்பு நாலு மணி நேரம் ஊறணும், ஊறலன்னா எண்ணெய்ல வெடிக்கும், வெந்தும் கல்லு மாதிரி இருக்கும். எண்ணெய் 170, 180 டிகிரி. மெல்லிசா பரத்தி ஊத்தி, சலசலப்பு அடங்குனதும் எடுத்து, கம்பி வலைல நிக்க வைங்க. பேப்பர்ல படுக்க வைக்காதீங்க, அடில ஆவி பிடிச்சு ஊறும். நல்லா ஆறுன அப்புறந்தான் டப்பா. சூட்டோட டப்பால போட்டா அன்னிக்கே காலி.

சொரக்கா பொரிச்சத மட்டும் முன்னாடி பொரிச்சு வைக்க முடியாது. காய்க்குள்ள தண்ணி இருக்கு. ஆர்டர் வந்தா போடுங்க, இல்ல மெனுலயே எடுத்துடுங்க.

அத்தோவுக்கும் ஒரு வார்த்த. பிசையற வரிசை முக்கியம். நூடுல்ஸ் 200 கிராம், மொதல்ல பூண்டெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி போட்டு இழை எல்லாம் எண்ணெய் படணும். அப்புறம் உப்பு, வறுத்த கடல மாவு ஒரு மேசைக்கரண்டி, மொளகாத் தூள் ஒரு டீஸ்பூன். அப்புறந்தான் புளித்தண்ணி ரெண்டு மேசைக்கரண்டி, கோஸ், வெங்காயம், எலுமிச்ச. புளிய மொதல்ல ஊத்துனா மாவு திட்டுத்திட்டா ஒட்டும். கோஸ் நூல் மாதிரி சீவணும், சீவுனத ஐஸ் தண்ணில பத்து நிமிஷம். செயற்கை ஆரஞ்சு கலர் வேணவே வேணாம், மஞ்சளும் மொளகா எண்ணெயும் போதும்.

ஐராவதி_வடிநிலம்:
பூண்டெண்ணெய் பற்றியும் சேர்த்துவிடுகிறேன். பூண்டை 2 மில்லிமீட்டர் வில்லையாகச் சீவி, குளிர்ந்த எண்ணெயிலேயே போட்டு அடுப்பை ஏற்றுங்கள். வைக்கோல் நிறம் வந்ததும் வடிகட்டிவிட வேண்டும், எடுத்த பிறகும் ஒரு படி நிறம் ஏறும். பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால் தட்டில் விழும்போது பழுப்பாகிக் கசக்கும். வில்லைகள் ஒரே தடிமனில் இல்லாவிட்டால் பாதி கருகி பாதி வேகாமல் நிற்கும். சீவல் கட்டை வாங்குங்கள், கத்தியில் முடியாது.

கடைவாசல்:
நன்றி. மதியச் சோற்றுக்கு வருவோம். கோழி, பன்றி, முட்டை என மாற்றி மாற்றிப் போடுகிறோம். வாடிக்கையாளர் சிலர் "இது நம்ம ஊர் குழம்பு மாதிரியே இருக்கே" என்கிறார்கள். மசாலா குறைவாகத்தான் போடுகிறோம்.

சி_ப்யான்:
குறைவாகப் போடுவதல்ல அண்ணே, போடாமல் இருப்பது. கடுகு, சோம்பு, கறிவேப்பிலை, மல்லித்தூள், தேங்காய் அரைப்பு எல்லாவற்றையும் அடுப்படியிலிருந்து அரை நாள் அகற்றி வையுங்கள். கை தானாகத் தேடும், அதுதான் ஆபத்து.

எண்ணெய் திரும்பி வருகிற கறி, பர்மிய மொழியில் சி ப்யான், அதுதான் முறை. 1 கிலோ இறைச்சிக்கு வெங்காயம் 300 கிராம், பூண்டு 30, இஞ்சி 20, கடலை எண்ணெய் 150 மில்லி, மஞ்சள் அரை டீஸ்பூன், மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி, மீன்சாஸ் ஒரு மேசைக்கரண்டி. வெங்காயத்தை மிக்சியில் விழுதாக்காதீர்கள். கூழாக அரைத்த வெங்காயம் கசக்கும், நீரும் விடும். இடித்தோ, துருவியோ, மிக்சியில் விட்டு விட்டு இரண்டு சுற்றோ போதும்.

சிறு தீயில் வெங்காயத்திலிருந்து முதல் முறை எண்ணெய் பிரிய 20 நிமிடம் ஆகும். இறைச்சியைப் போட்டதும் எண்ணெய் மறைந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஊற்றி வேகவைத்து, நீர் முழுக்க வற்றி எண்ணெய் இரண்டாம் முறை மேலே வரும்போது இறக்க வேண்டும். அந்த இரண்டாம் வருகைக்குப் பொறுமை இல்லாமல் இறக்கினால்தான் "நம்ம ஊர் குழம்பு". நீர் இருக்கும் கறி மாலைக்குள் புளிக்கும். எண்ணெய் மூடிய கறி தாங்கும்.

மேலே மிதக்கிற எண்ணெய் அதிகமாகத் தெரிந்தால் கரண்டியால் எடுத்துத் தனியே வையுங்கள், கொட்டாதீர்கள். மறுநாள் அத்தோ பிசையப் பூண்டெண்ணெயில் பாதிக்குப் பாதி கலந்தால் அந்தச் சிவப்பு நிறம் தானே வரும்.

முட்டைக் கறிக்கு வாத்து முட்டை. வேகவைத்து உரித்து, மஞ்சள் தடவி எண்ணெயில் தோல் கொப்புளிக்கும்வரை பொரித்த பிறகே தக்காளிக் கறியில் போட வேண்டும். பொரிக்காத முட்டையில் சாறு பிடிக்காது.

புளிச்சகீரை:
கீரைக்கு வெளியூர் சரக்கைத் தேடாதீர்கள். பர்மாக்காரர்களின் சின்பவுங் என்பது நம் சந்தையில் ஆந்திராக்காரர்கள் கோங்கூரா என்று வாங்குகிற அதே புளிச்சகீரைதான். ஐந்து கட்டுக் கீரை, பச்சை மிளகாய் 10, பூண்டு ஒரு முழுக் கட்டி, காய்ந்த இறால் 50 கிராம், கிடைத்தால் மூங்கில் குருத்து 150 கிராம். எண்ணெயில் பூண்டு, இறால், மிளகாய் வதங்கியதும் கீரை. அதுவே குழைந்து நீர் விடும், நீர் வற்றி எண்ணெய் தெரியும்வரை வதக்குங்கள். புளி சேர்க்கவே தேவையில்லை. அலுமினியச் சட்டியில் செய்யாதீர்கள், கீரையின் புளிப்பு சட்டியைத் தின்னும், நிறமும் கறுக்கும். இரும்பும் அப்படியே. எவர்சில்வர் போதும்.

அதே கீரையில் ஒரு கைப்பிடியை மெல்லிய மீன் சாறில் போட்டால் புளிச்சாறு தயார். ஒரு கட்டில் இரண்டு பண்டம்.

காய்ந்த இறாலுக்கு ஒரு எச்சரிக்கை. காசிமேட்டில் சென்னாகூனி (காய்ந்த பொடி இறால்) மலிவாகக் கிடைக்கும், மணமும் பிரமாதம், ஆனால் மணல். சல்லடையில் சலித்து, வெறும் சட்டியில் வறுத்து, முறத்தில் புடைத்த பிறகே பயன்படுத்துங்கள். பலாச்சாங்குக்கு (பர்மாவின் காய்ந்த இறால் தொக்கு) அது சரிவராது, பெரிய காய்ந்த இறால்தான் வேண்டும்.

ஐராவதி_வடிநிலம்:
பலாச்சாங் போடாமல் இந்தக் கடை முழுமையாகாது. ஒரு முறை செய்தால் மூன்று வாரம் மேசையில் இருக்கும், வேலையும் மிச்சம். காய்ந்த இறால் 250 கிராமை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, பஞ்சு போல இடித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் 300 மில்லியில் வெங்காயம் 200 கிராம், பூண்டு 100 கிராம் இரண்டையும் தனித்தனியாக மொறுமொறுப்பாகப் பொரித்து எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் மிளகாய்த்தூள், நாப்பி ஒரு மேசைக்கரண்டி, இறால். சிறு தீயில் இறால் உலர்ந்து சலசலக்கும்வரை. கெட்டியான புளிக்கரைசல் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றி, அந்த ஈரமும் வற்ற வேண்டும். முழுக்க ஆறிய பிறகே பொரித்த வெங்காயமும் பூண்டும் கலக்க வேண்டும். சூட்டில் கலந்தால் ஒரே நாளில் வெங்காயம் துவண்டுவிடும். ஈரக் கரண்டி பட்டால் பூஞ்சை, அவ்வளவுதான்.

தராசு:
ருசி பேச்சு நடுவில் கொஞ்சம் கணக்கு. நாற்பது கிண்ண மொய்ங்காவில் செலவு எங்கே போகிறது என்று பாருங்கள்: மீன், எண்ணெய், சேமியா. மாவும் தண்டும் கணக்கில் ஏறாத பொருள்கள். அதனால் கிண்ணத்தைப் பெரிதாக்க வேண்டுமென்றால் தண்டையும் சாறையும் கூட்டுங்கள், சேமியாவைக் கூட்டாதீர்கள். பொருள் செலவு விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வாடகை உங்களைத் தின்னும்.

முட்டையும் பேஜோவும் கிண்ண விலையில் சேராமல் தனி விலையில் இருக்கட்டும். பர்மாவிலும் கடைக்காரர் அப்படித்தான் கேட்பார், எந்தப் பொரிப்பு போடட்டும் என்று.

கியாஸ்: வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் எரிக்காதீர்கள், பிடித்தால் தண்டம். 19 கிலோ வணிக சிலிண்டர்தான். மூன்று அடுப்பில் ஒன்று நாள் முழுக்க சிறு தீயில் இருக்கப்போகிறது என்பதால் அந்த அடுப்புக்கு மட்டும் சின்ன பர்னர் போட்டால் மிச்சமாகும்.

ஆறு மேசைக்கு மூன்று நூடுல்ஸ் வகை அதிகம் என்பது என் கருத்து. கவ்சுவேயை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் வையுங்கள்.

மூன்றடுப்பு:
தராசு சொல்வதில் கடைசி வரி மட்டும் ஒப்பவில்லை. மீன் சாப்பிடாதவர் வீட்டோடு வந்தால் அவருக்குக் கவ்சுவேதான் வழி. மொய்ங்காவை வாரத்தில் நாலு நாளாக்கினாலும் கவ்சுவேயை எடுக்கக்கூடாது.

தராசு:
மொய்ங்கா இல்லாத நாள் இருக்கும் பர்மா கடைக்கு ஏன் போக வேண்டும்? சரி, கடைக்காரர் தீர்மானிக்கட்டும்.

மோரே_சாலை:
சரக்கு பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். மணிப்பூர் எல்லையில் மோரேயில் தமிழர்கள் இருக்கிறார்கள், அந்த வழியாகப் பர்மா சரக்கு வரும் என்று நம்பி மெனு போடாதீர்கள். 2023-இல் மணிப்பூரில் வெடித்த இனக் கலவரத்துக்குப் பிறகு அந்த வழியை நம்ப முடியாது. நாப்பிக்குப் பதிலாகத் தாய்லாந்து இறால் விழுது அல்லது மலேசிய பெலாச்சான் (அதுவும் இறால் விழுதுதான், பலாச்சாங் அல்ல) எளிதாகக் கிடைக்கும். பெலாச்சான் உலர்ந்தது, காரமான மணம். 60 கிராம் நாப்பிக்கு 40 கிராம் போதும், வாழை இலையில் சுற்றிச் சுட்டு நொறுக்கிச் சேருங்கள். சுடும்போது தெருவே மணக்கும். குடியிருப்புத் தெரு என்கிறீர்கள், ஆகவே வாரத்துக்கு ஒரே முறை மொத்தமாகச் சுட்டுக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து வையுங்கள். மேல் வீட்டுக்காரரோடு உறவு முக்கியம்.

தேயிலை ஊறுகாய்ச் சாலட் பற்றி யாரும் பேசவில்லை. நல்லது. பச்சைத் தேயிலைத் தூளை வேகவைத்துப் பிழிந்து செய்யலாம் என்று இணையத்தில் குறிப்புகள் உண்டு, அது புளித்த இலை அல்ல, வெறும் கசப்பு. சரியான இலை தொடர்ந்து கிடைக்காதவரை இஞ்சி சாலட் போடுங்கள். இளம் இஞ்சியை நூலாகச் சீவி உப்பில் பிசைந்து கழுவிப் பிழிந்து, எலுமிச்சைச் சாறில் ஊறவைத்தால் இளஞ்சிவப்பாகும். வறுத்த வேர்க்கடலை, எள், பொரித்த பருப்பு, கோஸ், பூண்டெண்ணெய்.

கடைவாசல்:
மீந்த சாறை என்ன செய்வது? இரவு பத்து மணிக்கு இரண்டு, மூன்று லிட்டர் நிற்கிறது. பானையோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் புளித்த வாடை.

பானைக்காரர்:
கெட்டிச் சாறு ஆழமான பானையில் ஆறவே ஆறாது. மேலே குளிர்ந்திருக்கும், நடுவில் விடியும்வரை இளஞ்சூடு. கிருமிக்கு அதைவிட வசதி இல்லை. முழு மாவும் சேர்த்த கெட்டிச் சாறை மறுநாளைக்கு வைக்காதீர்கள், அன்றே முடியட்டும். சிறுபானை முறையில் போனால் மிஞ்சுவது பெரிய பானையின் பாதி மாவு சேர்ந்த மெல்லிய சாறுதான். அதை நாலு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டுகளில் ஊற்றி, ஐஸ் நீரில் தட்டை மிதக்கவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்து பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் முழுக் கொதி வந்த பிறகே புதுச் சாறோடு சேரும். ஒரு முறைக்கு மேல் இந்தச் சுற்று கூடாது. வியாபார நேரத்தில் பானை 60 டிகிரிக்குக் கீழே இறங்கவும் கூடாது. குத்தும் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள்.

வெந்த சோற்றுக்கும் வெந்த நூடுல்ஸுக்கும் இதே கட்டுப்பாடு.

சைவப்பந்தி:
சைவத்துக்கு என்ன இருக்கிறது? முட்டை கூடச் சாப்பிடாதவர்களுக்கு.

சி_ப்யான்:
பர்மாவின் ஷான் மாநிலத் தோஃபு அக்கா, சோயா இல்லாதது. கடலை மாவு ஒரு கப், தண்ணீர் மூன்று கப், மஞ்சள் ஒரு சிட்டிகை, உப்பு. பாதித் தண்ணீரில் மாவைக் கட்டியின்றிக் கரைத்து வடிகட்டி, மீதிப் பாதி கொதிக்கும்போது ஊற்றிக் கிளறுங்கள். கெட்டியான பிறகும் எட்டு, பத்து நிமிடம் கிளறினால்தான் பச்சை மணம் போகும். ஒரு சொட்டைத் தட்டில் விட்டால் ஒரு நிமிடத்தில் உறைய வேண்டும். எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி ஆறவிட்டு வெட்டினால் சாலட், பொரித்தால் பஜ்ஜிக்குப் போட்டி, உறையும் முன்பே சேமியா மேல் ஊற்றினால் சுடச்சுட ஒரு கிண்ணம். காலையில் ஒரு தட்டு ஊற்றி வைத்தால் மூன்று பண்டம்.

ஆனால் சைவம் என்று பலகையில் எழுதினால் கரண்டி, எண்ணெய்ச் சட்டி இரண்டும் தனி. புளிச்சகீரையில் இறால், பலாச்சாங்கில் இறால், அத்தோ எண்ணெயில் கறி எண்ணெய் கலந்தது. முந்தைய பதிவில் நான் சொன்ன சிவப்பு எண்ணெயைச் சைவ அத்தோவில் விட்டுவிடாதீர்கள். இறால் ஒவ்வாதவர்களுக்கும் இது பொருந்தும், ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

கடைவாசல்:
சைவ மொய்ங்கா கேட்டால்? மீனும் நாப்பியும் போனால் அந்தச் சாறில் என்ன மிஞ்சும்?

ஐராவதி_வடிநிலம்:
வறுத்த கடலை மாவும் எலுமிச்சைப்புல்லும் மிஞ்சும், அது போதாது. உப்புக் கரிப்போடு ஒரு ஆழம் வேண்டும். ஷான் பகுதியில் புளித்த சோயாவை வட்டமாகத் தட்டிக் காயவைத்த வில்லை உண்டு, அதைச் சுட்டுப் பொடித்து லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. இங்கே கிடைக்காது என்பதால் கடைகளில் விற்கும் புளித்த சோயா விழுது லிட்டருக்கு 20 கிராம், அதோடு காய்ந்த காளான் 10 கிராம் ஊறவைத்த நீர். சதைக்குப் பதில் சிப்பிக்காளானை நாராகக் கிழித்து, ஈரம் வற்றும்வரை வெங்காயத்தோடு வதக்குங்கள். வாழைத்தண்டை இரட்டிப்பாக்குங்கள். உப்பைக் கடைசியில் மட்டும் பாருங்கள், சோயா விழுதிலேயே உப்பு இருக்கிறது.